நியூ அல்மடேன் பாதரசச் சுரங்க அருங்காட்சியகம்: வீட்டுக்கு ஒரு மணி நேரம், மலைக்கு அரை நாள்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசேக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போகும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கோல்டன் கேட் பாலம், ஸ்டான்ஃபோர்டு, லிவர்மோர் கோயில், ஏதாவது ஒரு பெரிய கம்பெனி வாசலில் நின்று ஒரு போட்டோ. அந்த வரிசையில் நியூ அல்மடேன் பாதரசச் சுரங்க அருங்காட்சியகத்தையும் சேர்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நகரத்தின் தெற்கு ஓரத்தில், அல்மடேன் சாலை மலையடிவாரத்துக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதி, பின்னால் இருக்கிற மலையில் கிடக்கிறது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள், அதனால் சுரங்க ஊர் என்றால் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்கு அடியில் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அவரோடுதான் போனேன். வாசலில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லாம்ப் ரூம் எங்கமா கீது?"

லாம்ப் ரூம் என்றால் சுரங்கத்தில் இறங்குமுன் விளக்கு வாங்குகிற அறை. இங்கே அது இல்லை. இருப்பது மேனேஜர் பங்களா. 'காசா கிராண்டே' என்று பெயர், 27 அறைகள், 1854-ல் கட்டியது. அருங்காட்சியகம் இதற்குள்தான் நடக்கிறது. முன்தாழ்வாரமும் பெரிய மரங்களும் பார்த்தால் நம் ஊர் துரைகளின் பங்களாக்கள் நினைவுக்கு வரும். நடுவில் சில காலம் இது கேளிக்கை கிளப்பாகவும், நாடகக் கொட்டகையாகவும்கூட இருந்திருக்கிறது. இப்போது கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் வாங்கிப் பழுதுபார்த்து, முன்கூடங்களை 1880களில் இருந்த மாதிரி திரைச்சீலை, நாற்காலி, விளக்கு என்று அலங்கரித்து வைத்திருக்கிறது. காட்சிப்பொருட்களில் பெரும்பங்கு கான்ஸ்டன்ஸ் பெர்ஹாம் என்ற பெண்மணி தன் வாழ்நாளில் சேர்த்தது. ஊரே கலைந்துபோன பிறகு கருவிகளையும் படங்களையும் ஒரு தனி ஆள் பொறுக்கிச் சேர்த்திருக்காவிட்டால் இன்று இந்த அறைகளில் வைக்க அதிகம் இருந்திருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது சிவப்புக் கல். நம் சித்த வைத்தியத்தில் சாதிலிங்கம் என்கிறோமே, அதுதான், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. இந்த மலையில் அது இருப்பது ஓலோனி பழங்குடிகளுக்கு வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். குடைந்தெடுத்து, அரைத்து, உடம்பில் வண்ணமாகப் பூசினார்கள். தூரத்து இனங்களோடு பண்டமாற்றும் செய்தார்கள். 1845-ல் ஆந்த்ரேஸ் காஸ்திய்யேரோ என்ற மெக்சிக்கப் படை அதிகாரி சாந்தா கிளாரா மிஷனுக்கு வந்தபோது இந்தக் கல்லைக் காட்டினார்கள். அவர் அதைப் பொடித்துத் தணலில் தூவி, மேலே ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தார். தம்ளரின் உட்புறத்தில் பாதரசத் துளிகள் படிந்தன. அவ்வளவுதான், உரிமை கோரி மனுப் போட்டுவிட்டார். அப்புறம் மெக்சிக்கோவின் டெபிக் நகரத்து பாரன் ஃபோர்ப்ஸ் கம்பெனி முதலீட்டோடு வந்தது. உலகத்திலேயே பெரிய பாதரசச் சுரங்கம் ஸ்பெயினின் அல்மடேன், அதனால் இதற்கு 'புது அல்மடேன்' என்று பேர் வைத்தார்கள்.

அவர்களுக்கு அதிர்ஷ்டம் எப்படி வந்தது பாருங்கள். 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. தங்கப் பொடியை மணலிலிருந்து பிரிக்கப் பாதரசம் வேண்டும். அந்தக் காலத்தில் ஸ்பெயின் பாதரசத்தின் விற்பனை ரோத்ஸ்சைல்டு என்ற வங்கிக் குடும்பத்தின் கையில். அதைக் கடல்தாண்டிக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லாமல், தங்கம் தோண்டுகிற இடத்துக்குச் சில நாள் தூரத்திலேயே இன்னொரு மலை கிடைத்துவிட்டது. பிறகு நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் இங்கிருந்துதான் போனது. கலிஃபோர்னியாவிலேயே அதிகம் சம்பாதித்த தனிச் சுரங்கம் இதுதான், எந்தத் தங்கச் சுரங்கமும் அல்ல. ஏழு கோடி டாலருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் மெர்க்குரி, குயிக்சில்வர் என்று இரண்டு பெயர். சான் ஹோசேயின் 'மெர்க்குரி' செய்தித்தாளுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

அப்பாவுக்கு இதில் வியப்பில்லை. தங்கவயல் மில்லிலும் முந்தைய தலைமுறையில் செப்புத் தகட்டில் பாதரசம் பூசி, அரைத்த கல்சேற்றை அதன்மேல் ஓடவிட்டுத்தான் தங்கம் பிடித்தார்கள்.

அடுத்து நிற்க வேண்டிய இடம், இரும்புக் குடுவை. பாதரச வியாபாரம் முழுக்க இந்தக் குடுவைக் கணக்கில்தான் நடந்தது. ஒரு குடுவை 76 பவுண்டு, அதாவது சுமார் 34.5 கிலோ. உள்ளே இருப்பது இரண்டரை லிட்டர்தான். அளவைப் பார்த்தால் சின்னப் பிள்ளையும் தூக்கிவிடும் என்று தோன்றும். இந்த மலையிலிருந்து மொத்தம் 11 லட்சத்துக்கும் அதிகமான குடுவைகள் போயிருக்கின்றன. அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு மற்ற அறைகளைப் பாருங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் கனம் கூடும்.

இந்த வீட்டின் ஆகச் சுவையான கதை லிங்கன் கதை. இங்கே 1850களில் பொது மேனேஜராக இருந்தவர் ஹென்றி ஹாலெக், சான் பிரான்சிஸ்கோ வக்கீல். சுரங்கம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1858 கடைசியிலிருந்து 1861 தொடக்கம் வரை நீதிமன்றத் தடையால் சுரங்கமே மூடிக்கிடந்தது. 1863-ல் உச்ச நீதிமன்றம் காஸ்திய்யேரோவின் உரிமை செல்லாது என்றது. உடனே ஆபிரகாம் லிங்கன், சுரங்கத்தை அரசே கைப்பற்ற ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டு லெனர்டு ஸ்வெட் என்ற தன் நண்பரை அனுப்பிவைத்தார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். சுரங்கத்து ஆட்கள் வழிவிடவில்லை. இன்றைக்கு இது, நாளைக்கு நம் சுரங்கமா என்று கலிஃபோர்னியாவின் மற்ற சுரங்க முதலாளிகள் எல்லாம் கொதித்தார்கள். மாநிலமே பிரிந்துபோன தென்மாநிலங்கள் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பயந்து வாஷிங்டனுக்குத் தந்தி மேல் தந்தி பறந்தது. லிங்கன் பின்வாங்கினார். அப்போது வடக்குப் படையின் தலைமைத் தளபதியாக வாஷிங்டனில் உட்கார்ந்து அவரை எச்சரித்தவர் யார் தெரியுமா? அதே ஹாலெக்! பிறகு கிழக்குக் கரையின் குயிக்சில்வர் மைனிங் கம்பெனி 17.5 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. மேனேஜர் பங்களாவில் வைத்து இந்தக் கதையைச் சொல்வது பொருத்தம்தான்.

எனக்கு ஒட்டாதது வேறு. கண் தானாகப் போகிற இடம் அலங்கரித்த கூடங்களாக இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் ஜேம்ஸ் ராண்டால், 1870 முதல் 1892 வரை மேனேஜர். கெட்டிக்காரர். அவர் காலத்தில்தான் ஸ்காட் உலை என்ற புதுவகை உலை இங்கேயே உருவானது. அதுவரை பெரிய கற்களைத்தான் எரிக்க முடிந்தது. பொடித் தாது குவிந்து கிடந்தது. ஸ்காட் உலை பொடியையும் நிறுத்தாமல் எரித்தது. தொழிலாளிகளிடம் மாதம் ஒரு டாலர் பிடித்து டாக்டர் வைத்தார், படிப்பகத்தோடு 'ஹெல்ப்பிங் ஹேண்ட்' என்று மன்றம் நடத்தினார். எல்லாம் நல்லதுதான். ஆனால் மலை முழுக்க, கடை முதற்கொண்டு கம்பெனியுடையது. வேலைநிறுத்தம் 1860களிலேயே வந்து அடங்கிவிட்டது. முதலாளி நல்லவர் என்பதும் ஊர் அவர் பிடியில் இருக்கிறது என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும், கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ராண்டாலின் சோபாவுக்குக் கொடுத்த இடத்தை என் கையில் விட்டால் தனாத்தேரோக்களுக்குக் கொடுத்திருப்பேன்.

தனாத்தேரோ என்றால் சுமைக்காரர். ஆரம்ப வருடங்களில் கல்லை மேலே கொண்டுவர இயந்திரம் கிடையாது. மெக்சிக்கத் தொழிலாளி தோல் மூட்டையில் 200 பவுண்டு வரைக்கும் தாதுவை நிரப்பி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, படிபோலக் கொத்திய ஒற்றை மரத்தண்டில் இருட்டுக்குள்ளிருந்து ஏறி வருவான். அப்படியே அடுத்த நடை, அடுத்த நடை. அப்பா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. "நாங்க கேஜ்ல ஏறி எறங்கினோம்மா. இவன் கல்லோட மரத்துல ஏறிக்கீறான்" என்றார். கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றுகிற கூண்டு. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உலையடி வேலை அதைவிட மோசம். தாதுவை எரித்தால் பாதரசம் ஆவியாகிக் கிளம்பும். செங்கல் அறைகள் வழியே அதை ஓட்டிக் குளிரவைத்துப் பிடிப்பார்கள். பிடிபடாதது காற்றில். 1863-ல் இங்கே வந்துபோன ஒருவர் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்: உலைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களின் தங்கக் கடிகாரமும் காசும் வெள்ளையாக மாறிவிடுமாம். தங்கத்தோடு பாதரசம் ஒட்டிக்கொள்வதால். நுரையீரல் என்ன ஆகியிருக்கும்? நான்கு வாரத்தில் ஒரு வாரம்தான் ஒரு ஆளை உலையடியில் வைக்க முடிந்தது. எச்சில் வழிவது, பல் ஆட்டம் காண்பது, கை நடுக்கம், எல்லாம் அங்கே தெரிந்த விஷயங்கள். எங்கள் ஊரில் அந்த இடத்தில் சிலிக்கோசிஸ் என்ற கல்தூசி நுரையீரல் நோய், இருமல். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதியை 'சயின்ஸ்' என்று ஓடிக் கடக்காமல் நின்று சொல்லுங்கள்.

சரி, வீடு போதும். இனி மலை.

அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே அல்மடேன் குயிக்சில்வர் கவுண்டி பூங்காவின் ஹசியெண்டா நுழைவாயில் இருக்கிறது. நாலாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு, 30 மைலுக்கு மேல் நடைபாதை. நீங்கள் கார் நிறுத்துகிற இடமே பழைய உலைக்களம். எரித்த கல்லின் கழிவு இங்கே ஓடைக்கரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. 1970களில் சுரங்கம் ஓய்ந்து கவுண்டி நிலத்தை வாங்கிய பிறகு, 1990களில் அந்தக் கழிவை அகற்றியும் மண்போட்டு மூடியும் சுத்தம் செய்தார்கள். "நம்ம சைனைடு மேடு மாதிரி ஒண்ணு இருக்கணுமே" என்று அப்பா தேடிக்கொண்டே வந்தார். தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய சைனைடு கலந்த மண் குவிந்த மேடு அது. இல்லை, புல் முளைத்திருக்கிறது. மார்ச் காற்றில் சைனைடு மண்ணைச் சாப்பாட்டோடு மென்று வளர்ந்த எனக்கு அந்தப் புல்லைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருந்தது.

அதற்காக விஷம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இங்கிருந்து ஓடும் தண்ணீர் குவாடலூப் ஆறு வழியாக சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குப் போகிறது. குவாடலூப், அல்மடேன் நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கலாம், ஆனால் சாப்பிடக் கூடாது. கரையில் அறிவிப்பு இருக்கிறது. பாதரசம் மீனின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், கழுவினாலும் வறுத்தாலும் போகாது. மீன்குழம்பு ஆசையில் தூண்டிலோடு கிளம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மைன் ஹில் பாதையில் ஏறினால், மூச்சு வாங்கும் ஏற்றம், ஆங்கிலேயர் முகாமுக்கு வருவீர்கள். இங்கிலீஷ்டவுன். அந்தப் பக்கம் மெக்சிக்கர்கள் இருந்த ஸ்பானிஷ்டவுன். கீழே ஹசியெண்டா, அதிகாரிகளும் உலைக்காரர்களும் இருந்த தெரு. ஒரே சுரங்கத்துக்கு மூன்று ஊர். உச்சத்தில் 1,800 பேருக்கு மேல், 700 கட்டிடங்கள் வரை. ஆங்கிலேயர் என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கிலீஷ்டவுன்காரர்கள் பெரும்பாலும் கார்ன்வால் சுரங்கக்காரர்கள். அங்கே தகரமும் செம்பும் நொடித்தபோது உலகம் முழுக்கக் கிளம்பிய கூட்டம் அது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலைத் தோண்ட வந்தபோது கூட்டிவந்ததும் இவர்கள் ஊர்க்காரர்களைத்தான். இந்த மலைமேல் மெத்தடிஸ்ட் தேவாலயம் கட்டிக் கிறிஸ்துமஸ் பாடிய ஆளின் பங்காளி எவனோ சாம்பியன் ரீஃபில் ஷிஃப்ட் பாஸாக இருந்திருப்பான், அவனுக்குக் கீழே என் கொள்ளுத்தாத்தா மேஸ்திரியாக இருந்திருப்பார். இது என் கற்பனை. ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவே முடியாத கற்பனை அல்ல.

இங்கிலீஷ்டவுனில் சில மரக் கட்டிடங்கள் இன்னும் நிற்கின்றன, உள்ளே போக முடியாது. ஸ்பானிஷ்டவுனில் அனேகமாக ஒன்றுமே இல்லை. கத்தோலிக்கக் கோயில், அடுக்கடுக்காகச் சரிவில் ஒட்டிய வீடுகள், கழுதைமேல் தண்ணீர் கொண்டுவந்து விற்ற தண்ணீர்க்காரன், எல்லாம் படங்களில்தான் உண்டு. மேரி ஹாலக் ஃபுட் என்ற ஓவியர் 1876-ல் சுரங்க இன்ஜினியரின் மனைவியாக இங்கே வந்து வாழ்ந்தார், அந்தத் தண்ணீர்க்காரரை வரைந்து வைத்தவர் அவர்தான். மலையின் முதல் சுமையைத் தூக்கியவர்கள் மெக்சிக்கர்கள். அவர்களுடைய ஊர்தான் அடையாளமில்லாமல் அழிந்திருக்கிறது. இந்த முகட்டில் நின்று பேச இன்னும் நிறைய இருக்கிறது, ஒரு விளக்கப் பலகைக்கு மேல் வைக்கலாம் என்பது என் கருத்து.

சான் கிறிஸ்டோபல் சுரங்கவாயை விட்டுவிடாதீர்கள். சிறிது தூரம் உள்ளே போகலாம், பிறகு கம்பிக்கதவு. அந்தச் சில அடிகளில் காற்று குளிர்ந்துவிடும். அப்பா கையை நீட்டிச் சுவரைத் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். கூரை எப்படி இருக்கிறது என்று ஒலியில் பார்ப்பது பழைய பழக்கம். "கல்லு நல்லாக் கீது" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அருகில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் எங்களை ஒரு மாதிரி பார்த்தது, பார்க்கட்டும். மலையின் வேறொரு பக்கத்தில் பிற்கால உலை ஒன்றின் துருப்பிடித்த இரும்பெல்லாம் கிடக்கிறது. 1912-ல் கம்பெனி திவாலான பிறகும் ஒவ்வொரு போருக்கும் பாதரசம் தேவைப்பட்டு, யாராவது குத்தகை எடுத்துக் கொஞ்சம் தோண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பெரிய ஆர்வம் வரவில்லை, இயந்திரப் பிரியர்களுக்குப் பிடிக்கும்.

கீழே இறங்கி, பெர்ட்ரம் சாலையில் ஹசியெண்டா இடுகாட்டை ஐந்து நிமிடம் பாருங்கள். சின்ன இடம். ஒரு கல்லறையில் புதைந்திருப்பது ஒரு கை மட்டும்! பெர்ட் பாரெட் என்ற பையன் 1893-ல் வேட்டைக்குப் போய்த் துப்பாக்கி விபத்தில் கையை இழந்தான், கையை இங்கே அடக்கம் செய்தார்கள். ஆள் நன்றாக வாழ்ந்து 1959-ல்தான் இறந்தார், மீதி உடல் சுமார் 11 மைல் தள்ளி ஓக் ஹில் இடுகாட்டில் இருக்கிறது. கை சாந்தியடையட்டும் என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். அப்பா சிரித்த சிரிப்பை அம்மாவுக்கு போனில் சொல்லி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது.

ஸ்பெயினின் அல்மடேனும், ஸ்லோவேனியாவின் இட்ரியாவும் சேர்ந்து 2012-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அவற்றோடு ஒப்பிட்டால் இது சின்னது. ஆனால் அங்கே போக விசாவும் விமானமும் வேண்டும், இங்கே போக எக்ஸ்பிரஸ்வேயில் கார் போதும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது ஸ்பானிஷ்டவுனுக்காக.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அருங்காட்சியகம் வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, கிளம்பும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பூங்கா தினமும் உண்டு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மலை பச்சையாக இருக்கும், கோடையில் நிழல் குறைவு, காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள், எலுமிச்சைசாதம் தாங்கும். பாதையோரம் மூன்று மூன்று இலையாகப் பளபளவென்று நிற்கிற செடி பாய்சன் ஓக், தொட்டால் வாரக்கணக்கில் அரிக்கும், குழந்தைகளுக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்கள் முகாம் வரை ஏற வேண்டியதில்லை, வீட்டையும் உலைக்களத்தையும் இடுகாட்டையும் பார்த்தாலே ஒரு காலைப்பொழுது சரியாக இருக்கும். பழைய சுரங்கத் தொழிலாளி யாராவது வீட்டில் இருந்தால் மட்டும், வலி இருந்தாலும் அவர் ஏறத்தான் செய்வார். தடுக்காதீர்கள், இரண்டு தண்ணீர் பாட்டில் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.